ஊசிக்கு முன்னால் ஒரு கையெழுத்து

“கல்யாணம் ஆகாத புள்ளைக்கு எதுக்கு நர்சம்மா இந்த ஊசி?”

பள்ளிக்கூட வராந்தாவிலும் ரேஷன் கடை வாசலிலும் தோட்டத்து வரப்பிலும் அந்தச் செவிலியரிடம் தாய்மார்கள் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கிராமங்களில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வுக்குப் பிறகும் வீட்டில் உட்காரவில்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்.பி.வி. தடுப்பூசி முகாம் என்று யார் கூப்பிட்டாலும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். கேள்வி கேட்பவரிடம் கோபப்படக் கூடாது என்பது அவர் தொழிலில் கற்ற முதல் பாடம். அந்தத் தாய் தடுப்பூசிக்கு எதிரி இல்லை. மகளைப் பற்றி ஊர் ஏதாவது பேசிவிடுமோ என்ற பயம்தான் அவளைக் கேட்க வைக்கிறது.

அவர் சொல்லும் பதில் நீளமானதும் இல்லை. “ரூபெல்லா ஊசி எதுக்குப் போட்டோம்? பின்னாடி அவ வயித்துல வரப்போற புள்ளைக்காக. அப்ப கல்யாணம் ஆச்சா ஆகலையான்னு யாரும் கேக்கலையே. இதுவும் அப்படித்தான். கிருமி உடம்புக்குள்ள வர்றதுக்கு முந்தி போட்டாத்தான் இந்த ஊசிக்கு வேலை. வந்து உக்காந்த கிருமியை இது விரட்டாது.”

கிருமி எப்படித் தொற்றும் என்று சில பெண்கள் தாழ்ந்த குரலில் கேட்பார்கள். அவர் மழுப்புவதில்லை. உறவின் வழியாகத் தொற்றுகிறது, ஒரே ஆளோடு வாழ்ந்த பெண்ணுக்கும் வரலாம், வந்தவள் மேல் பழி ஏதும் இல்லை என்று நேராகச் சொல்லிவிடுவார். இதைச் சொல்லாமல் ஊசியை மட்டும் போட்டுவிட்டு வந்தால் வதந்திக்கு இடம் விட்டுவந்த மாதிரி என்பது அவர் அனுபவம்.

ஹெச்.பி.வி. என்பது 200-க்கும் மேற்பட்ட வகைகள் கொண்ட வைரஸ் குடும்பம். தொற்றிய பெரும்பாலானோருக்கு ஓரிரு ஆண்டுகளில் தானாகவே போய்விடும். சிலருக்குப் போகாமல் தங்கிவிடுகிறது. அப்படித் தங்கியது கர்ப்பப்பை வாயின் செல்களை மெல்ல மாற்றி, 15, 20 ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயில் கொண்டுபோய் நிறுத்துகிறது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் ஏறக்குறைய 70 விழுக்காட்டுக்கு 16, 18 என்ற இரண்டே வகைகள் காரணம். இந்த இரண்டையும் புற்றுக் கட்டிகளில் கண்டறிந்த ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆண்களையும் இந்த வைரஸ் விடுவதில்லை. தொண்டை, ஆசனவாய், ஆண்குறிப் புற்றுநோய்களில் இதற்குப் பங்கு உண்டு. 2007-இல் பள்ளி மாணவிகளுக்குத் தடுப்பூசியைத் தொடங்கிய ஆஸ்திரேலியா, 2013-இல் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டது இதனால்தான்.

இந்தியாவில் 2022-ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி, ஓராண்டில் சுமார் 1,27,000 பெண்களுக்குப் புதிதாக இந்த நோய் வருகிறது. ஏறக்குறைய 80,000 பேர் இறக்கிறார்கள். செவிலியருக்கு இந்தக் கணக்கைவிட ஒரு முகம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. வெங்காயம் அறுக்கும் கூலி வேலைக்குப் போன பெண். மாதவிடாய் நின்று சில வருடங்கள் கழித்து மறுபடி ரத்தம் பட்டது. சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்தாள். வெள்ளைப்படுதலில் நாற்றம் வந்தபோதும் வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. இடுப்பு வலி தாங்காமல் செவிலியரிடம் வந்தபோது நோய் கர்ப்பப்பை வாயைத் தாண்டிவிட்டிருந்தது. மதுரைக்குக் கதிர்வீச்சுக்கு அனுப்பினார்கள். அவள் படுத்திருந்த திண்ணைப் பக்கம் போகும்போது வீட்டுக்காரர்களே மூக்கைப் பொத்திக்கொண்டதை அவரால் இன்னும் மறக்க முடியவில்லை.

இந்தச் சீமைக்கு இந்த நோயோடு தனிப்பட்ட வரலாறு ஒன்று உண்டு. அதைத் தமிழர்களில் பலர் கேள்விப்பட்டதே இல்லை.

2000-ஆம் ஆண்டில், ஒட்டன்சத்திரம் இருக்கும் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் சமுதாய சுகாதார மையம், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், பிரான்சின் லியோன் நகரில் இயங்கும் சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகமை ஆகிய மூன்றும் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. தலைமை ஏற்றவர் டாக்டர் ரெங்கசாமி சங்கரநாராயணன். 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களின் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் காத்திருந்து, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று வெறும் கண்ணால் பார்ப்பார்கள். பார்த்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். திட்டு தெரிந்தால் மேல் சோதனை, தேவைப்பட்டால் உறைய வைக்கும் சிகிச்சை. பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை, ஒரே நாளில் முடியும் வேலை. சோதனை நடந்த ஊர்களில் நோய் 25 விழுக்காடும் சாவு 35 விழுக்காடும் குறைந்ததாக 2007-இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. நாத்தனாரையும் ஓரகத்தியையும் கூட்டிக்கொண்டு வேன் ஏறிய கிராமத்துப் பெண்கள்தான் அந்த ஆய்வின் உயிர். நம் செவிலியரும் தன் பங்குக்கு வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்து வேனில் ஏற்றிவிட்டவர். “டெஸ்டுக்கு வர்றியான்னு கேட்டா வரமாட்டாங்க. உங்க அக்கா வர்றா, நீயும் வான்னு கூப்பிட்டா வருவாங்க” என்கிறார்.

அடுத்தது தடுப்பூசி. 2009-இல் அதே சங்கரநாராயணன் தலைமையில், 10 முதல் 18 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு மூன்று டோஸ் வேண்டுமா, இரண்டே போதுமா என்று பார்க்கும் ஆய்வு இந்தியாவின் பல இடங்களில் தொடங்கியது. அம்பிளிக்கையும் அதில் ஓர் இடம். 20,000 பிள்ளைகளைச் சேர்ப்பது திட்டம். அது பாதியில் நின்றதற்குக் காரணம் திண்டுக்கல்லில் இல்லை, ஆந்திராவில் இருந்தது.

பாத் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து, அப்போதைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் தனியாக ஒரு தடுப்பூசித் திட்டத்தை நடத்திக்கொண்டிருந்தது. ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைகளில் ஏழு பேர் வெவ்வேறு சமயங்களில் இறந்தார்கள். பாம்புக்கடி, நீரில் மூழ்கியது, பூச்சிமருந்து, காய்ச்சல் என்று காரணங்கள் பல. விசாரித்த குழு, ஊசிக்கும் இந்தச் சாவுகளுக்கும் தொடர்பு இருப்பதற்கான ஆதாரம் கிடைக்கவில்லை என்றது. ஆனால் அதற்கு முன்பே, 2010 ஏப்ரலில், நாடு முழுவதும் ஹெச்.பி.வி. தடுப்பூசி ஆய்வுகளை அரசு நிறுத்திவிட்டது.

ஊசியின் மேல் தப்பில்லை. ஆனால் ஊசிக்கு முன்னால் நடந்த ஒரு காரியம் கடுமையான தப்பு. 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு தன் அறிக்கையில் அதை விவரமாக எழுதியது. ஆந்திராவில் பார்த்த 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763-இல் கையெழுத்துப் போட்டவர்கள் விடுதிக் காப்பாளர்கள். 1,948 படிவங்களில் வெறும் கைநாட்டு. கம்மத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்களில் பலர் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள். மலைக்கு மேலே இருக்கும் அப்பா அம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல், வார்டன் ஒரே மேசையில் உட்கார்ந்து வரிசையாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பிள்ளை செத்துப்போன வீட்டில் போய், ‘இதற்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை’ என்று எந்த நிபுணர் சொன்னால் என்ன, யார் நம்புவார்கள்?

அந்தக் கையெழுத்துகளுக்கு இந்தியா கொடுத்த விலை பத்து ஆண்டுகளுக்கும் மேல். தேசியத் தடுப்பூசி ஆலோசனைக் குழு இந்த ஊசியைப் பொதுத் திட்டத்தில் சேர்க்கலாம் என்று மறுபடி பரிந்துரைத்தபோது 2022 ஆகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில், 2011-இல் தொடங்கிய ருவாண்டா தன் பெண்பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் ஊசி போட்டு முடித்திருந்தது.

சங்கரநாராயணனின் ஆய்வை நிறுத்தியதில் எதிர்பாராத ஒரு விளைவும் வந்தது. நின்ற நாளில் 17,729 பிள்ளைகள் ஊசி போட்டிருந்தார்கள். ஏறக்குறைய 5,000 பேருக்கு ஒரே ஒரு டோஸ்தான் கிடைத்திருந்தது. அவர்களை அப்படியே கைவிட்டிருக்கலாம். களப்பணியாளர்கள் கைவிடவில்லை. ஆண்டுதோறும் போய்ப் பார்த்தார்கள். பிள்ளைகள் வளர்ந்து, கல்யாணமாகி, வேறு ஊர்களுக்குப் போன பிறகும் விலாசம் கேட்டுத் தேடிப் போய் மாதிரி எடுத்தார்கள். மாமியாரிடமும் கணவனிடமும் விஷயத்தைச் சொல்லி, பெண்ணின் சம்மதத்தோடு மாதிரி வாங்கிவருவது சாதாரண வேலை இல்லை. பத்தாண்டுக் கவனிப்புக்குப் பின் 2021-இல் முடிவு வந்தது. 16, 18 வகைகளின் நீடித்த தொற்றுக்கு எதிராக ஒரு டோஸ் கொடுத்த பாதுகாப்பு ஏறக்குறைய 95 விழுக்காடு. இரண்டு டோஸ், மூன்று டோஸ் பெற்றவர்களுக்கும் அதே அளவுதான். கென்யாவில் நடந்த ஆய்வும் இதை உறுதிப்படுத்தியது. 2022 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம், 9 முதல் 20 வயது வரை ஒரு டோஸ் முறையையும் பின்பற்றலாம் என்று அறிவித்தது. இன்று பல ஏழை நாடுகள் ஒரே டோஸில் திட்டத்தை நடத்துவதற்கு அம்பிளிக்கைப் பக்கத்துப் பிள்ளைகளும் ஒரு காரணம். பாடப்புத்தகத்தில் ஏறவேண்டிய சேதி இது.

ஒரு டோஸ் என்றால் செலவு குறைவு என்று மேலே இருப்பவர்கள் சொல்வார்கள். களத்தில் நிற்பவருக்கு வேறு கணக்கு. ஆறு மாதம் கழித்து இரண்டாம் டோஸுக்குப் போனால், எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளை வேறு பள்ளிக்குப் போயிருப்பாள். அப்பா அம்மாவோடு கரும்பு வெட்டப் போயிருப்பாள். ஒரு வகுப்பில் நாலைந்து பேர் இப்படிக் குறைந்தால், அவர்களைத் தேடிப் பிடிக்கவே அந்த மாதம் போய்விடும்.

முகாம் நாளில் செவிலியரின் வேலை விடியற்காலையில் ஐஸ் பேக்கில் தொடங்குகிறது. ஃப்ரீசரில் இருந்து எடுத்ததை அப்படியே வேக்சின் கேரியரில் அடுக்கவிட மாட்டார். மேசையில் பரப்பி வைத்து, மேலே வேர்த்த பிறகு காதருகே ஆட்டிப் பார்த்தால் உள்ளே தண்ணீர் சலசலக்க வேண்டும். அதுவரை கேரியருக்குள் போகக் கூடாது. காரணம், இந்த மருந்து 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டியது. வெயிலைப் போலவே உறைதலும் இதற்கு ஆகாது. ஒருமுறை உறைந்துவிட்டால் திரும்ப உருகினாலும் வீண். பார்வைக்குப் பெரிதாக வித்தியாசம் தெரியாமலும் போகலாம். புதிதாக வந்த பெண்கள் அவசரப்பட்டால், “அஞ்சு நிமிஷம் லேட்டானா ஹெட்மாஸ்டர் திட்டுவார், அவ்வளவுதான். உறைஞ்ச மருந்தைப் போட்டா அந்தப் புள்ளைக்குப் பாதுகாப்பு இருக்குன்னு நாம பொய் சொன்ன மாதிரி” என்பார்.

பள்ளியில் அவர் முதலில் பார்ப்பது வாசல்களை. உள்ளே வர ஒரு வாசல், வெளியே போக இன்னொரு வாசல் உள்ள வகுப்பறைதான் வேண்டும். வரிசையில் நிற்கும் பிள்ளையின் கண்ணில் ஊசி படக் கூடாது. “காலையில என்ன சாப்பிட்ட?” என்று ஒவ்வொருத்தியையும் கேட்பார். ஒன்றும் சாப்பிடாதவளுக்கு பிஸ்கட் கொடுத்து உட்காரவைத்துக் கடைசியில் கூப்பிடுவார். முதலில் அழைப்பது கபடி ஆடுகிற பிள்ளையை. அவள் சிரித்துக்கொண்டே வெளியே போனால் பாதி வகுப்பின் பயம் போய்விடும். இடது மேல்கையில் ஊசி, அப்புறம் அரை மணி நேரம் பக்கத்து அறையில் பெஞ்சில். அட்ரினலின் உள்ளிட்ட அவசர மருந்துப் பெட்டி கை எட்டும் தூரத்தில். யாராவது மயங்கினால் படுக்கவைத்துக் காலை உயர்த்துவார். சுற்றிக் கூட்டம் கூட விடமாட்டார்.

இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். கொலம்பியாவில் எல் கார்மென் டே பொலிவார் என்ற ஊரில் 2014-இல் ஊசி போட்டுக்கொண்ட மாணவிகள் ஒருவர் பின் ஒருவராக மயங்கினார்கள். நூற்றுக்கணக்கில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மருந்தில் குறையில்லை, பயமும் பதற்றமும் பரவியதுதான் காரணம் என்று விசாரணை சொன்னது. ஆனால் கைபேசி வீடியோக்கள் அதற்குள் நாட்டைச் சுற்றிவந்துவிட்டன. நூற்றுக்கு 90-ஐத் தாண்டியிருந்த முதல் டோஸ் அளவு ஓரிரு ஆண்டுகளில் 20-க்கும் கீழே போனது. ஜப்பானில் 2013 ஏப்ரலில் வழக்கமான தடுப்பூசியாக்கி, பக்கவிளைவுப் புகார்களால் அதே ஆண்டு ஜூனில் அரசு பரிந்துரையை நிறுத்தியது. 70 விழுக்காட்டில் இருந்த அளவு ஒன்றுக்கும் கீழே வந்தது. மறுபடி பரிந்துரைக்க 2022 வரை ஆனது.

தமிழ்நாட்டுக்கும் இது புதிதல்ல. 2017 பிப்ரவரியில் தட்டம்மை ரூபெல்லா முகாம் நடந்தபோது வாட்ஸ்அப் வதந்தி வேகமாகப் பரவியது. ‘குழந்தை பிறக்காமல் செய்கிற ஊசி’ என்ற பேச்சைக் கேட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்துக்கொண்டவர்கள் நிறைய. முகாமை நீட்டிக்க வேண்டியதாயிற்று. அந்த நாட்களில் செவிலியர் ஒரு காரியம் செய்தார். தன் சொந்தப் பேத்திக்கு ஊர் பார்க்க, பள்ளி வாசலிலேயே ஊசி போடவைத்தார். விவாதத்தில் ஜெயிக்க முடியாத அப்பன்மார் அதைப் பார்த்துவிட்டுப் பிள்ளையைக் கூட்டிவந்தார்கள்.

சரியாகச் செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தியாவிலேயே சிக்கிம் இருக்கிறது. 2018-இல் மாநிலம் முழுக்க 9 முதல் 14 வயது வரையிலான பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிகள் மூலம் ஊசி போட்டார்கள். அதற்கு முன்பே ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் செய்தியாளர்களுக்கும் விளக்கிச் சொல்லிவிட்டார்கள். 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரை ஊசி எட்டியது. சீரம் நிறுவனத்தின் செர்வாவேக் 2022 ஜூலையில் அனுமதி பெற்றதால் இந்திய மருந்தும் கைக்கு வந்தது. அது 2023-இல் இரண்டு டோஸ் குப்பி 2,000 ரூபாய் என்று தனியார் சந்தைக்கு வந்தது. வெளிநாட்டு மருந்துகளோடு பார்த்தால் மலிவு. ஆனால் தோட்ட வேலைக்குப் போகும் தாய்க்கு ஏறக்குறைய ஒரு வாரக் கூலி. அரசு இலவசமாகப் போட்டால்தான் இந்த ஊசி அவள் மகளைச் சேரும். 2024 பிப்ரவரியில் மத்திய இடைக்கால பட்ஜெட் 9 முதல் 14 வயது சிறுமியருக்கு இந்த ஊசியை ஊக்குவிப்பதாகச் சொன்னது. 2025 மார்ச்சில் தமிழ்நாடு பட்ஜெட், 14 வயதுச் சிறுமியருக்குப் படிப்படியாகப் போட 36 கோடி ரூபாய் அறிவித்தது.

பணம் ஒதுக்குவது நல்ல காரியம். அதோடு கையெழுத்து வாங்குவதற்கான நேரத்தையும் திட்டத்தில் ஒதுக்க வேண்டும். இதுதான் அந்தச் செவிலியர் தன் தொழிலில் இருந்து அரசுக்குச் சொல்ல விரும்புவது. ஒப்புதல் படிவம் ஊசிக்கு ஒரு வாரம் முன்பே எளிய தமிழில் வீட்டுக்குப் போக வேண்டும். அதில் கூப்பிட்டுக் கேட்க ஒரு செவிலியரின் தொலைபேசி எண் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்கு யாராவது வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதி, பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி எதுவானாலும் காப்பாளர் கையெழுத்துப் போடக் கூடாது. கொடைக்கானல் மலையில் அப்பா அம்மா இருந்தால், ஆள் போய்க் கேட்டு வரட்டும். ஊசி ஒரு வாரம் தள்ளிப் போனால் குடி முழுகிவிடாது. இன்னொன்று: பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள். மில்லுக்குப் போகிறவள், தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிற்பவள் போன்றவர்களின் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்காது. கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் இருக்கும். பள்ளிப் பட்டியலை மட்டும் நம்பினால், பின்னாளில் இந்த நோய் அதிகம் தாக்கப்போகிற வீட்டுப் பிள்ளைகளே விடுபட்டுப் போவார்கள்.

ஊசி வந்துவிட்டது என்பதற்காக அம்மாக்களை மறந்துவிடவும் கூடாது. இன்று 14 வயதுக்காரிக்குப் போடும் ஊசியின் பலனைப் பார்க்க இன்னும் 20 ஆண்டுகள் ஆகும். இப்போது 40 வயதில் இருப்பவளுக்குக் கர்ப்பப்பை வாய்ச் சோதனை ஒன்றுதான் வழி. 2007-இல் தேனியிலும் தஞ்சாவூரிலும் முன்னோட்டம் பார்த்து, பின்பு மாநிலம் முழுக்க இந்தச் சோதனையைக் கொண்டுவந்தது தமிழ்நாடு. அப்படியும், 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது சோதனை செய்துகொண்டவர்கள் இங்கே நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. இந்திய சராசரியோ இரண்டைத் தொடவில்லை. முகாமுக்குக் கையெழுத்துப் போட வரும் ஒவ்வொரு தாயிடமும், “நீ எப்ப டெஸ்ட் எடுத்தே?” என்று அவர் கேட்காமல் விடுவதில்லை.

உங்கள் வீட்டுப் பெண்பிள்ளையின் பையில் இந்தத் தடுப்பூசிக்கான படிவம் வந்தால், முழுசாகப் படியுங்கள். புரியாததை உங்கள் ஊர் செவிலியரிடம் கேளுங்கள், அதற்குத்தான் அவர் இருக்கிறார். கேட்டுத் தெளிந்த பிறகு நீங்களே கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். வீட்டில் 30 வயது தாண்டிய பெண் இருந்தால், அந்த வாரமே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சோதனைக்குக் கூட்டிப் போங்கள். அங்கே அது இலவசம்.